துருப்பிடிக்காத எலிமெண்ட் வாங்குவதா, கூரியருக்குப் படியளப்பதா?

கொதிநிலை:
இரண்டு வருடமாகக் கேஸ் அடுப்பில்தான் பியர் காய்ச்சுகிறேன். காற்றடித்தால் தீ ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. போன மாதம் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட பத்தாவது நிமிடத்தில் சிலிண்டர் தீர்ந்துபோனது. அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி மின்சாரம்தான்.

என்னிடம் இருப்பது 50 லிட்டர் எவர்சில்வர் பானை. ஒரு முறைக்கு 30 லிட்டர் போடுவேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 5500 வாட் எலிமெண்ட் (பானைக்குள் நின்று சூடாக்கும் மின்குழாய்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முழுவதும் துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருக்கிறது. விலை நியாயம்தான். ஆனால் கூரியர் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் பொருளின் விலையைவிட அது அதிகமாக நிற்கிறது! எடை வெறும் 700 கிராம். அவர்களோ இரண்டரைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை என்று நினைத்துக் கேட்டேன், "அதுதான் சரி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பக்கத்துக் கடையில் வாட்டர் ஹீட்டருக்குப் போடும் சாதாரண எலிமெண்ட் கிடைக்கும். அதையே போட்டுவிடலாமா?

பழையகெட்டில்:
போடலாம். நான் எட்டு வருடமாக அதைத்தான் போட்டிருக்கிறேன். பியரில் யாரும் குறை சொன்னதில்லை. கூரியர்காரருக்குக் கொடுப்பதை மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய தானியத்துக்கு, கொடுங்கள்.

நுரைப்பூ:
பழையகெட்டில் அண்ணா, உங்கள் எலிமெண்டைக் கழற்றி அடித்தட்டின் (குழாயைத் தாங்கிப் பானைச் சுவரில் பொருந்தும் தட்டு) பின்பக்கத்தைப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது?

நானும் அதே வழியில்தான் தொடங்கினேன். ஐந்தாவது முறை காய்ச்சி முடித்துப் பானையைக் கழுவும்போது, எலிமெண்ட் பானைச் சுவரைத் தொடும் இடத்தைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. விரலால் தேய்த்தால் விரலெல்லாம் செம்மண் பூசியது போல் ஆகிவிட்டது. குழாய் பளபளவென்று அப்படியே இருந்தது. துருப்பிடித்தது அடித்தட்டு.

வாட்டர் ஹீட்டர் எலிமெண்டில் பலவற்றுக்கு அடித்தட்டு வெறும் இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு. எவர்சில்வர் பானையோடு அது ஒட்டி நிற்கிறது, நடுவில் மால்ட் சாறு. சாறு லேசான அமிலம், பி.ஹெச். 5.2 முதல் 5.6 வரை இருக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவில் அமிலக் கரைசல். இது ஒரு பேட்டரிதான். முதலில் துத்தநாகம் கரையும், பிறகு இரும்பு. இரும்பு கரைந்த பியரில் நாணயத்தை நக்கியது போன்ற ஒரு சுவை வரும், சீக்கிரம் கெட்டும் போகும்.

பழையகெட்டில்:
பார்க்கவில்லை தங்கச்சி. இன்று பார்க்கிறேன்.

ஓம்விதி:
கொதிநிலை தம்பி, எந்த எலிமெண்ட் என்பதற்கு முன்னால் எத்தனை வாட் என்பதை முடிவு செய்யுங்கள். 5500 வாட் எதற்கு?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல். 30 லிட்டரை 20 டிகிரியிலிருந்து மால்ட் ஊறவைக்கும் 67க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 5900 கிலோஜூல், அதாவது 1.64 யூனிட். 3500 வாட் எலிமெண்டில் இழப்பில்லாமல் 28 நிமிடம். 67இலிருந்து 100க்கு இன்னும் 20 நிமிடம். பானையைச் சுற்றிப் போர்வை மாதிரி எதையாவது கட்டினால் இதற்கு மேல் கொஞ்சம்தான் கூடும்.

கொதிக்கும்போது? ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 3 லிட்டர் ஆவியாவது உங்கள் பானைக்குப் போதுமானது. அதற்கு 1.9 கிலோவாட். ஆக 3500 வாட் இருந்தாலே கொதிக்கும்போது குறைத்து வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அந்த 5500 வாட் என்பது 240 வோல்ட்டில். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் அதுவே 5050 வாட்தான் தரும், 120இல் போட்டால் 1375. அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கத்தில் எந்த வோல்ட் என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 230இல் அது 22 ஆம்பியர் இழுக்கும். தனி ஒயர், தனி பிரேக்கர் இல்லாமல் நடக்காது. 3500 வாட் என்றால் 15 ஆம்பியர். அதற்கும் தனி லைன்தான் சரி, ஆனால் ஒயரின் தடிமனும் செலவும் குறையும்.

ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற வகை. பானைக்கு எர்த் தனியாகக் கொடுங்கள். ஈரக் கையோடு நிற்கப்போவது நீங்கள்தான்.

கொதிநிலை:
நன்றி ஐயா. 3500 போதும் என்று இப்போது புரிகிறது. ஆனால் எடை விஷயம்? 700 கிராம் எப்படி இரண்டரைக் கிலோ ஆகும்?

ஹாப்ஸ்கொடி:
அது கன அளவு எடை. விமான கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் தராசு காட்டும் எண்ணும் எது பெரிதோ அதற்குக் காசு. பிறகு அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிவிடுவார்கள்.

உங்களுக்கு 40 × 20 × 15 பெட்டி போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். 12000ஐ 5000ஆல் வகுத்தால் 2.4. ஏற்றினால் இரண்டரை. காற்றை அனுப்பக் காசு கொடுக்கிறீர்கள்.

விற்பனையாளருக்கு எழுதி, 34 × 12 × 12 அளவில் பெட்டி போட முடியுமா என்று கேளுங்கள். அது 4896, ஒரு கிலோவுக்குள் அடங்கும். நான் கேட்டபோது முதலில் "எங்களிடம் இருப்பது இந்தப் பெட்டிதான்" என்றார்கள். எலிமெண்டை அட்டைக் குழாயில் வைத்து அனுப்புங்கள் என்றேன். செய்தார்கள். கேட்டால்தான் நடக்கும். அவசரமில்லை என்றால் தபால் வழியும் கேட்டுப் பாருங்கள். சிறிய பொட்டலத்துக்குத் தபாலில் பல நேரம் தராசு எடை மட்டும்தான் கணக்கு.

மரைகழன்றவன்:
பெட்டியைச் சின்னதாக்குகிற வேகத்தில் எலிமெண்டையும் சின்னதாக்கிவிடாதீர்கள். இங்கேதான் நான் சறுக்கினேன்.

எலிமெண்டில் பார்க்க வேண்டியது வாட் அடர்த்தி. ஒரு சதுர சென்டிமீட்டர் குழாய்ப் பரப்பில் எத்தனை வாட் இறங்குகிறது என்பது. மிகக் குறைந்த அடர்த்தி என்று விற்பவை 8 வாட் அளவில் இருக்கும், சாதாரணமானது 12, அதிக அடர்த்தி என்பது 23. அதே 3500 வாட்டை 8 மில்லிமீட்டர் குழாயில் 8 வாட் அடர்த்தியில் கொடுக்க 174 சென்டிமீட்டர் குழாய் வேண்டும். 23 என்றால் 60 சென்டிமீட்டரே போதும். அதனால்தான் சின்ன எலிமெண்ட் மலிவு, கூரியரும் மலிவு.

நான் அந்தக் குட்டியை வாங்கினேன். தண்ணீரில் அருமையாகக் கொதித்தது. கோதுமை மால்ட் சேர்த்த சாற்றில் போட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் அடிப்பிடித்த பால் வாடை. வடித்துவிட்டுப் பார்த்தால் குழாய் முழுக்கக் கறுப்புத் தோல், நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வருகிறது. 28 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன். கூரியரில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு அன்று போனது.

ஹாப்ஸ்கொடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடர்த்தி குறைந்ததை ஆறு மடிப்பாக மடித்து விற்கிறார்கள். 174ஐ ஆறாக மடித்தால் 29 சென்டிமீட்டர். நான் சொன்ன 34 பெட்டியில் அது உட்காரும். நான்கு மடிப்பு என்றால் 44 ஆகிவிடும், பெட்டியிலும் போகாது, பல பானைகளுக்குள்ளும் போகாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை மடிப்பு, மடித்த பிறகு நீளம் என்ன?

வெறும் தண்ணீர் மட்டும் சுடவைக்கும் தனிப் பானை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குட்டி எலிமெண்ட் போதும். தண்ணீர் அடிப்பிடிக்காது.

நுரைப்பூ:
"முழுவதும் துருப்பிடிக்காத எஃகு" என்ற வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் அதைத்தான் உயர்வு என்று நினைக்கிறோம், நானும் நினைத்தேன். உண்மையில் குழாய் இன்கோலாய் 800 என்ற நிக்கல் கலப்புலோகமாகவும், அடித்தட்டு 304 என்ற எவர்சில்வர் ரகமாகவும் இருப்பதுதான் நல்ல சேர்க்கை.

304இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். இன்கோலாய் 800இல் நிக்கல் மட்டுமே 30 முதல் 35 சதவீதம். சூடான பரப்பில் குளோரைடு பட்டால் 304இல் ஊசிக் குத்து போல ஓட்டை விழும், நாளடைவில் விரிசலும் விடும். நிக்கல் அதிகமாக இருந்தால் அந்த விரிசலைத் தாங்கும். 316 என்ற இன்னொரு எவர்சில்வர் ரகத்தில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ப்பதும் அந்த ஊசிக் குத்துக்காகத்தான். ஆனாலும் குழாய் 304 என்றால் ஓடிவிட வேண்டியதில்லை. பிளீச் போட்டு மட்டும் கழுவாதீர்கள், அது குளோரின் சரக்கு. சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீர் போதும். அடிப்பிடித்த கறையும் அதில் ஊறிக் கழன்றுவிடும்.

விற்பனையாளரிடம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: குழாய் எது, அடித்தட்டு எது, இரண்டையும் இணைத்த பற்றவைப்பு எது. வெள்ளிப் பற்றாசு வைத்தவையும் உண்டு. "எல்லாம் எவர்சில்வர்தான்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது. வந்த பிறகு ஒரு காந்தத்தை அடித்தட்டில் வைத்துப் பாருங்கள். பச்சக்கென்று பிடித்தால் அது 304 அல்ல. வளைத்த இடத்தில் லேசாக இழுப்பது 304இலும் உண்டு, அதைக் கண்டு பதற வேண்டாம்.

பழையகெட்டில்:
கழற்றிப் பார்த்தேன்.

நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

கொதிநிலை:
அண்ணா! அப்படியென்றால் எல்லாருமாகச் சேர்ந்தே வாங்கிவிடலாமே? யாருக்கெல்லாம் வேண்டும்?

ஹாப்ஸ்கொடி:
நான் ஒரு முறை ஆறு பேருக்குச் சேர்த்து வாங்கியிருக்கிறேன். லாபமும் உண்டு, தலைவலியும் உண்டு.

லாபம்: ஆறு எலிமெண்ட் 40 × 30 × 20 பெட்டியில் போயிற்று. கன அளவில் 4.8, தராசில் 4.2. ஐந்து கிலோ. ஆறு தனிப் பெட்டி என்றால் ஆறு கிலோ. ஒரு கிலோதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கூரியரில் முதல் கிலோதான் கொள்ளை விலை, பிறகு ஏறும் ஒவ்வொரு கிலோவும் மலிவு. எங்களுக்குத் தலைக்கு மூன்றில் ஒரு பங்குதான் ஆனது.

தலைவலி: சுங்கம். பல நாடுகளில் குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே வரும் தனிப் பொட்டலத்துக்கு வரி இல்லை, அல்லது குறைவு. ஆறு பேருடையது ஒரே பெட்டியில் வந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. கூரியரில் மிச்சம் பிடித்ததில் பாதியைச் சுங்கத்தில் கட்டினேன். அதோடு, வரியை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் போட்டது. அது எந்த விலைப்பட்டியலிலும் முன்னால் கண்ணில் படவில்லை.

இன்னொரு நுட்பம். பல நாடுகளில் வரி என்பது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கூரியரும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. பொருள் 100, கூரியர் 60 என்றால் 160க்கு வரி. கூரியரைக் குறைத்தால் வரியும் குறையும். பெட்டி அளவில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

மரைகழன்றவன்:
விலையைக் குறைத்துப் போட்டு "அன்பளிப்பு" என்று எழுதித் தரச் சொல்லலாம் என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது பொய், பிடிபட்டால் அபராதம். அதோடு வழியில் உடைந்தால் காப்பீடு அந்தக் குறைத்த விலைக்குத்தான் கிடைக்கும்.

ஓம்விதி:
விலைப்பட்டியலில் பொருளை என்ன பெயரில் எழுதுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். சுங்கக் குறியீட்டில் 8516 என்ற தலைப்பு. அதற்குள் 8516.10 வாட்டர் ஹீட்டரும் தண்ணீரில் அமிழ்த்தும் ஹீட்டரும், 8516.80 மின்சூடேற்றும் தடைகள். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, வரி விகிதம் மட்டும் மாறும். வெறும் "உதிரிபாகம்" என்று எழுதி அனுப்பினால் சுங்கத்தில் எடுத்துவைத்துக் கேள்வி கேட்பார்கள், கிடங்கு வாடகை ஓடும். என்னுடைய ஒரு பெட்டி பதினொரு நாள் அப்படிக் கிடந்தது.

கொதிநிலை:
சரி, கூட்டாக வேண்டாம். பழையகெட்டில் அண்ணாவுக்கும் எனக்கும் மட்டும் இரண்டு. வரம்புக்குள் நிற்கிறது, கணக்குப் பார்த்துவிட்டேன். நாளை ஆர்டர் போடுகிறேன். எலிமெண்டைப் பானையில் இறுக்கும் நட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்தானே? ஒரு அங்குல நட்தான்.

மரைகழன்றவன்:
நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்! என் பெயருக்கே காரணம் இதுதான்.

ஒரு அங்குலம் என்று இரண்டு மரை உண்டு. அமெரிக்க வகை நேர் மரையில் அங்குலத்துக்கு பதினொன்றரைச் சுற்று, வெளி விட்டம் ஏறக்குறைய 33 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் குழாய் மரையில் பதினொரு சுற்று, 33.25. கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். மாட்டினால் முதல் இரண்டு சுற்று வெண்ணெய் போலப் போகும், மூன்றாவதில் இறுகும். "புதுசு, அதனால் இறுக்கம்" என்று நினைத்து நான் பெரிய ஸ்பானரைப் போட்டேன். அடித்தட்டு மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. எலிமெண்ட் குப்பை. போதாக்குறைக்கு அமெரிக்க வகையிலேயே கூம்பு மரை என்று ஒன்று வேறு இருக்கிறது.

நட்டையும் கேஸ்கட்டையும் எலிமெண்ட் வாங்கும் இடத்திலேயே, அதே பெட்டியில் வாங்குங்கள். எலிமெண்டுக்கு அடியில் கிடக்கும் வெற்றிடத்தில் அவை ஓசியில் பயணிக்கும். பிறகு தனியாக ஒரு சிலிக்கோன் கேஸ்கட் வரவழைத்தால் எலிமெண்டுக்குக் கொடுத்த அதே கூரியரை அந்த வளையத்துக்கும் கொடுப்பீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். கேஸ்கட் இரண்டு அதிகமாகப் போடச் சொல்லுங்கள், சூட்டில் அமுங்கி அமுங்கித் தட்டையாகிவிடும்.

நுரைப்பூ:
ட்ரை-கிளாம்ப் (இரண்டு விளிம்பை ஒரு வளையப் பூட்டால் சேர்த்துப் பிடிப்பது) வகை வாங்கினால் மரைத் தொல்லையே இல்லை. கிளாம்பைத் திருகினால் கையில் வந்துவிடும், கழுவவும் எளிது. ஆனால் பானையில் அதற்கான வாயைப் பற்றவைக்க வேண்டும், எடையும் கூடும். முதல் முறைக்கு நட் போதும்.

கொதிநிலை (ஐந்து வாரம் கழித்து):
வந்துவிட்டது. மொத்தம் இரண்டு கிலோவுக்குத்தான் கணக்கு. பெட்டியை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஒரு சிக்கல். என்னுடையது நன்றாக இருக்கிறது. அண்ணாவுடையதைச் செருகியதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. மல்டிமீட்டரில் இரண்டு முனைக்கும் நடுவே 15.2 ஓம் சரியாகவே காட்டுகிறது. திருப்பி அனுப்பலாம் என்றால் அந்தக் கூரியரை நாங்கள்தான் கட்ட வேண்டுமாம்.

ஓம்விதி:
அனுப்பாதீர்கள். 3500 வாட்டுக்கு 230இல் வர வேண்டியது 15.1 ஓம். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். அது ஈரத்தைக் குடிக்கும். வாய் அடைப்பு சரியில்லாமல் வாரக்கணக்கில் வழியில் கிடந்தால் இப்படித்தான். மல்டிமீட்டரில் இது பிடிபடாமலும் போகும், 500 வோல்ட் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்தால் தெரியும்.

ரப்பர், பிளாஸ்டிக் பாகம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓவனில் 120 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். ஆறிய பிறகு மெகர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அப்போதும் விழுந்தால் அது வேறு கோளாறு, குப்பையில் போடுங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக இணைத்துப் பார்க்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

பழையகெட்டில்:
ஆறு மணி நேரம் வைத்தேன். மெகர் தெரிந்த மின்பணியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், சுத்தம் என்றார். நேற்று முழுக் காய்ச்சல் முடிந்தது, ஒரு முறைகூட விழவில்லை. ஓம்விதி ஐயாவுக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கிறேன்.

கொதிநிலை:
என்னுடையதும் முடிந்தது. 67க்கு 33 நிமிடம், கொதிக்க மேலும் 24. ஐயாவின் கணக்கைவிடக் கூடியது, போர்வை கட்டவில்லை, என் சோம்பல். குழாயில் மெல்லிய பழுப்புப் படலம் மட்டும், வெந்நீரில் ஊறியதும் போய்விட்டது. வடிக்கும்போது முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினேன். குழாய் வெளியே தெரிகிற நிலையில் சுவிட்சைப் போட்டால் நொடியில் சிவந்துவிடும் என்று பயம்.

கேஸ்கட் இரண்டு மிச்சம் இருக்கிறது.

மரைகழன்றவன்:
ஒரு அங்குல சிலிக்கோனா? எனக்கு ஒன்று வேண்டும், அனுப்புவீர்களா? கூரியர் நான் தருகிறேன்.

கொதிநிலை:
கூரியரா? தட்டையாகத்தானே இருக்கிறது, கடித உறையில் போட்டு ஒரு தபால்தலை ஒட்டுகிறேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.